விரல் நுனிக்குத் தெரியும் மணல்

ஈசூனிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். உயர்நிலை மூன்றில் படிக்கும் அவருடைய மகள் பள்ளியின் குறிசுடும் குழுவில் இருக்கிறாள். "டிரிகரை இழுக்கும்போது உள்ளே மணல் கிடப்பது போல நறநறக்கிறது" என்கிறாளாம். அமெரிக்காவில் ஒருவர் தன் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியை வீட்டு மேசையில் பிரித்துப்போட்டு, உள்ளே இருக்கும் எஃகைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் காணொளியையும் அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். தேய்த்தால் உண்மையிலேயே மென்மையாகிவிடுமா என்பது கேள்வி.

சிங்கப்பூரில் இதை வீட்டில் செய்துபார்க்க வழியே இல்லை. உரிமம் இல்லாமல் துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம். அந்தச் சட்டம் அப்படி இருப்பதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் கேள்விக்குள் இருக்கும் அறிவியல் அருமையானது.

டிரிகர் உள்ளே என்ன செய்கிறது? வில்சுருளால் இழுத்துப் பிடிக்கப்பட்ட ஒரு சுத்தியல். அது விழுந்துவிடாமல் 'சியர்' எனப்படும் சின்ன எஃகுக் கொக்கி தாங்கி நிற்கிறது. நாம் டிரிகரை இழுத்தால் கொக்கி மெல்ல நகரும்; விளிம்பைத் தாண்டியதும் சுத்தியல் விழும். பல துப்பாக்கிகளில் இந்தப் பிடிப்பின் ஆழம் அரை மில்லிமீட்டர் அளவுதான். அரைத் தானியங்கியில் சுட்டவுடன் மேலே உள்ள ஸ்லைடு பின்னால் போய்ச் சுத்தியலை மறுபடியும் ஏற்றிவிடும், அவ்வளவுதான். மகள் உணரும் நறநறப்பு பெரும்பாலும் அந்த அரை மில்லிமீட்டர் பயணத்தில்தான் பிறக்கிறது.

இரண்டு எஃகுப் பரப்புகள் ஒன்றையொன்று தொடுகின்றன என்கிறோம். உண்மையில் எவ்வளவு தொடுகின்றன? இரண்டு டுரியான் பழங்களை ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். முள் நுனிகள் மட்டும்தானே தொடும்? கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் எஃகும் நுண்ணோக்கியில் டுரியான்தான். மேலே பாரம் ஏற ஏற முள் நுனிகள் நசுங்கும். பாரத்தைத் தாங்கும் அளவுக்குப் பரப்பு சேர்ந்ததும் நசுங்குவது நின்றுவிடும். கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் இருவரும் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் விளக்கிக் காட்டியது இதைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொக்கியின்மேல் 5 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடினப்படுத்திய எஃகு ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 600 கிலோ தாங்கும். 5ஐ 600ஆல் வகுத்தால், உண்மையாகத் தொடும் இடம் ஒரு சதுர மில்லிமீட்டரில் 120இல் ஒரு பங்கு. தடித்த தலைமுடி ஒன்றைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வட்டம் எவ்வளவோ அவ்வளவுதான்! சுத்தியலின் மொத்த விசையையும் அந்த முடியளவு இடம் தடுத்து நிறுத்தியிருக்கிறது. எத்தனை முறை இந்தக் கணக்கைப் போட்டாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்தக் கணக்கில் பரப்பின் வழவழப்பு எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? பாரமும் கடினத்தன்மையும்தான் வருகின்றன. உராய்வைத் தீர்மானிப்பது உண்மையாகத் தொடும் அந்த இடம்தான். அதனால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் உராய்வு பெரிதாகக் குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மிகவும் வழவழப்பான இரண்டு எஃகுத் துண்டுகள் ஒட்டிக்கொள்ளவே செய்யும். பட்டறைகளில் அளவு பார்க்கும் கேஜ் பிளாக்குகளைக் கையாண்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மாறுவது வேறொன்று. உயரமான முட்கள் மாட்டி, இறுகி, சட்டென்று விடுபடும். அடுத்த முள்ளில் மறுபடியும் மாட்டும். மாட்டலும் வழுக்கலுமான இந்த ஆட்டம்தான் வயலின் கம்பியைப் பாட வைக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மேல்மாடிக்காரர் நாற்காலியை இழுக்கும்போது 'கர்ர்ர்' என்று வருவதும் இதே ஆட்டம்தான். உயர்ந்த முட்கள் குறைந்தால் ஆட்டம் அடங்கும். இழுக்கத் தேவையான விசை ஏறத்தாழ அதே அளவு இருக்கும், ஆனால் சீராக இருக்கும்.

இதை விரல் ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறது? விசையின் அளவை எடை போடுவதில் நம் விரல் அவ்வளவு கெட்டியில்லை. சுமார் பத்தில் ஒரு பங்காவது மாறினால்தான் வித்தியாசம் உறைக்கும். 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் டிரிகர் எடை (அதை இழுக்கத் தேவையான விசை) குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும்; அதை 520 ஆக்கினால் பலருக்குத் தெரியவே தெரியாது. அதிர்வு என்றால் கதை வேறு. தோலுக்கடியில் உள்ள பாசினியன் உணர்விகள் நொடிக்கு 250 அதிர்வு அளவில் மிகக் கூர்மையானவை. ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த அசைவைக்கூடப் பிடித்துவிடும். இப்போது பாருங்கள்: 4 மைக்ரானுக்கு ஒரு முள் இருக்கும் பரப்பு நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் எத்தனை தட்டு? சரியாக 250. ஆக, மகள் சொன்ன மணல் கற்பனையில்லை.

அப்புறம், அந்தக் காணொளி. கொக்கியின் கடினம் பல சமயம் மேல்தோல் மட்டும்தான், மில்லிமீட்டரில் சிறு பங்கு. தேய்ப்பவர் அதைத் தாண்டிவிட்டால் உள்ளே மென்மையான எஃகு வெளிப்படும். கோணம் துளி மாறினாலும் பிடிப்பு வழுக்கி, யாரும் தொடாமலேயே சுத்தியல் விழக்கூடும். முடியளவு இடத்தை நம்பி நிற்கும் பொருளில் கண்மதிப்பு உதவாது.

உராய்வு, தேய்மானம் பற்றிய துறைக்கு டிரைபாலஜி என்ற பெயர் பரவியதே 1966இல் பிரிட்டனில் வெளிவந்த ஜோஸ்ட் அறிக்கைக்குப் பிறகுதான். எம்ஆர்டி ரயில் சக்கரம் முதல் செயற்கை மூட்டு வரை எல்லாம் இதை நம்பித்தான் ஓடுகின்றன. கணினிச் சில்லுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் கிடைக்கும் ஆய்வுப் பணத்தில் ஒரு கீற்றாவது இந்தப் பழைய துறைக்கு வர வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

மகளுக்கு ஒரு வேலை: பயிற்றுநர் முன்னிலையில், குண்டு இல்லாத வெற்றுப் பயிற்சியின்போது கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக இழுத்துப் பார்க்கட்டும். நறநறப்பு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்தால் பாகத்திலேயே வடு இருக்கலாம். இடம் மாறி மாறி வந்தால் தூசியோ கெட்டிப்பட்ட பழைய எண்ணெயோ இருக்கலாம். பயிற்றுநர் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். இரண்டும் இல்லையென்றால், வியர்த்த விரலே டிரிகரின்மேல் மாட்டி மாட்டி வழுக்குகிறதா என்று பார்க்கட்டும். நம் ஊர் வெக்கையில் அதுவும் நடக்கும்.