ஒரே கல்லுல அச்சான அறுவடை மெஷினும் பாட்டில் மருந்தும்

1885ல அமெரிக்காவுல, நியூயார்க் மாநிலத்து ஆல்பனி ஊர்ல இருந்து லாயிட்னு ஒரு கம்பெனி ஒரு விளம்பர கார்டு விட்டுச்சு. உள்ளங்கைக்குள்ள அடங்குற சைஸ். கலர் படம், ரெண்டு குட்டிப் பசங்க வீட்டு வாசல்ல குச்சி அடுக்கி விளையாடிட்டு இருக்காங்க, முகத்துல வலியோட சாயல்கூட இல்ல. விக்கிற சரக்கு என்னன்னா கோகெயின் பல்வலி சொட்டு மருந்து. உடனே குணமாகும், விலை 15 சென்ட். ஆமாங்க, அதே கோகெயின்தான், அப்போ கடையில போய் சும்மா வாங்கலாம்.

இந்த மாதிரி கார்டுக்கு ட்ரேட் கார்டுன்னு பேரு. 1876ல பிலடெல்பியாவுல நடந்த பெரிய எக்ஸ்போவுக்கு அப்புறம் இது காட்டுத்தீயா பரவுச்சு. கடைக்காரர் இலவசமா குடுப்பாரு, வீட்டுல பசங்களும் பொம்பளைங்களும் அதை நோட்டுல ஒட்டி சேர்ப்பாங்க. அன்னைக்கு பேப்பர்ல வந்த விளம்பரம் எல்லாம் கறுப்பு எழுத்து, பொடிப்பொடியா. பல பண்ணை வீடுகள்ல காசில்லாம வந்து சேர்ந்த கலர் படம்னா இதுதான். யாரு தூக்கிப் போடுவா? விளம்பரத்தை வாங்குறவனே பத்திரமா வச்சுக்கிறான், விக்கிறவனுக்கு இதை விட என்ன வேணும்.

சரி, 1880கள்ல இவ்ளோ சீப்பா கலர்ல எப்படி அடிச்சாங்க? பதில் ஒரு கல்லு. ஜெர்மனியில பவேரியா பக்கம் சோல்ன்ஹோஃபென்னு ஒரு ஊர், அங்க கிடைக்கிற சுண்ணாம்புக்கல் ரொம்ப நைஸா, ஒரே சீரா இருக்கும். 1790கள்ல அலோய்ஸ் செனஃபெல்டர்ங்கறவர் இந்தக் கல்லுல அச்சடிக்கிற லித்தோகிராஃபியைக் கண்டுபிடிச்சாரு. இதுல அச்சு எழுத்து மாதிரி மேடும் கிடையாது பள்ளமும் கிடையாது, கல்லு முழுக்க ஒரே மட்டம். எண்ணெயும் தண்ணியும் சேராதுங்கற ஒரே விஷயத்தை வச்சுதான் மொத்த வேலையும் நடக்குது.

முதல்ல கல்லை நல்லா தேய்ச்சு மட்டமாக்கிட்டு, மெழுகு, கொழுப்பு, சோப்பு, புகைக்கரி கலந்த ஒரு க்ரேயானால படம் வரையுறாங்க, கண்ணாடியில தெரியுற மாதிரி இடவலம் மாத்தி. அப்புறம் அரபிக் பிசின் (நம்ம வேலம்பிசின் வகையறாதான்), அதுல கொஞ்சூண்டு நைட்ரிக் ஆசிட் கலந்து கல்லு மேல தடவி விடுவாங்க. இப்போ ரெண்டு விஷயம் நடக்கும். க்ரேயான்ல இருக்கிற கொழுப்பு அமிலம் கல்லுல இருக்கிற கால்சியத்தோட சேர்ந்து கால்சியம் சோப்பா மாறிடும், உப்புத்தண்ணியில துணி துவைச்சா நுரைக்குப் பதிலா வெள்ளையா திரிதிரியா வருமே, ஏறக்குறைய அதே சரக்கு. அது தண்ணியில கரையாது, தண்ணியை ஒட்டவும் விடாது. படம் இல்லாத வெறும் இடத்துலயோ பிசின் ஒரு மெல்லிசு படலமா ஒட்டிக்கிட்டு ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும்.

அடுத்த ஸ்டெப் தெரியாதவன் பார்த்தா பதறிப் போயிடுவான். டர்பன்டைன் ஊத்தி அவ்ளோ நேரம் வரைஞ்ச படத்தையே துடைச்சு எடுத்துடுவாங்க, கல்லு கிட்டத்தட்ட காலியா நிக்கும். அப்புறம் ஈரத்துணியால ஒத்தி, எண்ணெய் மை தடவின ரோலரை உருட்டுனா, ஈரம் இருக்கிற இடத்துல மை ஒட்டாம வழுக்கிப் போகும், கால்சியம் சோப்பு இருக்கிற இடத்துல மட்டும் கப்புனு பிடிக்கும், போன படம் கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வரும். பேப்பரை வச்சு அமுக்கி எடுக்க வேண்டியதுதான், மறுபடி ஈரம், மறுபடி மை, மறுபடி பேப்பர்.

கலர்னா ஒவ்வொரு கலருக்கும் தனித்தனி கல்லு. மஞ்சளுக்கு ஒண்ணு, ரோஸுக்கு ஒண்ணு, நீலத்துக்கு ஒண்ணு, அதே பேப்பர் ஒவ்வொரு கல்லுலயும் போய் அமுங்கி வரணும், ஒரு நூல் தள்ளிப் போனாலும் உதடு கன்னத்துக்கு வந்துடும். லென்ஸ் வச்சுப் பார்த்தா அந்தக் குழந்தைங்க கன்னத்துல இருக்கிற ரோஸ் உண்மையில பொடிப்பொடி செவப்புப் புள்ளி, கையால குத்துனது, ஒண்ணு போல ஒண்ணு இருக்காது. பின்னாடி வந்த ஹாஃப்டோன் அச்சுல (போட்டோவைப் புள்ளிகளா மாத்தி அடிக்கிற முறை) புள்ளி எல்லாம் கட்டம் போட்ட மாதிரி வரிசையா நிக்கும், பழைய கார்டை அடையாளம் கண்டுபிடிக்கிறவங்க முதல்ல பார்க்கிறது இதைத்தான். ஒரே படத்தை ட்ரான்ஸ்ஃபர் பேப்பர் மூலமா பெரிய கல்லு மேல பல தடவை பதிச்சு, நீராவி பிரஸ்ல ஏத்துனா ஒரே அமுக்குல நிறைய கார்டு. அதான் சீப். 1894ல ராஜா ரவி வர்மா பம்பாய்ல ஆரம்பிச்ச பிரஸ்லயும் இதே வேலைதான் நடந்துச்சு, இன்னைக்கு சிவகாசியில காலண்டர் ஓடுற ஆஃப்செட்லயும் கல்லுக்குப் பதிலா அலுமினிய பிளேட், மத்தபடி அதே எண்ணெய்-தண்ணி சமாச்சாரம்.

இந்தக் கல்லு மேல ரெண்டு சரக்கு ஜோரா ஓடுச்சு, ஒண்ணு அறுவடை மெஷின், இன்னொண்ணு பேட்டன்ட் மருந்து. கார்டு ஒரே தரம், அதே கலர், அதே வாய்ச்சவடால். ஆனா வாங்குனவனுக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல.

மெஷினைப் பாருங்க. சைரஸ் மெக்கார்மிக் 1834ல ரீப்பருக்கு, அதாவது கதிர் அறுக்கிற மெஷினுக்கு, பேட்டன்ட் வாங்குனாரு, பேட்டன்ட்னா உள்ள என்ன இருக்குன்னு படத்தோட வெளிய சொல்லியாகணும். 1847ல சிகாகோவுல ஃபேக்டரி போட்டாரு. விலை 120 டாலர், முதல்ல 30 குடு, மீதி அறுவடைக்கு அப்புறம், மணிக்கு ஒன்றரை ஏக்கர் அறுக்கலைன்னா திருப்பிக் குடுத்துடுன்னு எழுதியே குடுத்தாரு. 1851ல லண்டன் எக்ஸ்போவுக்கு மெஷினைக் கொண்டு போனப்போ அங்க இருந்த டைம்ஸ் பேப்பர், இது என்ன சர்க்கஸ் ரதத்துக்கும் தள்ளுவண்டிக்கும் பறக்குற மெஷினுக்கும் பொறந்ததான்னு நக்கல் அடிச்சுச்சு. அப்புறம் எஸ்ஸெக்ஸ்ல ஒரு பண்ணையில, மழை ஈரத்தோட நின்ன பயிர்ல விட்டுப் பார்த்தாங்க, அறுத்துத் தள்ளிடுச்சு, மெடலும் வாங்கிடுச்சு. வயல்ல பொய் சொல்ல முடியாது. 1870கள்ல கதிர்க்கட்டை இரும்புக் கம்பியால கட்டுற மெஷின் வந்துச்சு, விளம்பரம் ஓஹோன்னு இருந்துச்சு, ஆனா கம்பித்துண்டு வைக்கோலோட மாட்டு வயித்துக்குள்ள போகுதுன்னு விவசாயிங்க கத்த ஆரம்பிச்சதும், ஜான் ஆப்பிள்பி கண்டுபிடிச்ச சணல் முடிச்சு போடுற மெஷின் வந்து அதைக் காலி பண்ணிடுச்சு.

மருந்துக்கு இந்த வயல் பரிச்சை கிடையாது. பேட்டன்ட் மருந்துங்கறது பேருக்குத்தான், பெரும்பாலும் பேட்டன்ட் வாங்குனது இல்ல, ஃபார்முலா ரகசியம், பேரும் லேபிளும்தான் சொத்து. மாசாசூசெட்ஸ் லின் ஊர்ல 1875ல லிடியா பிங்கம் பொம்பளைங்க நோவுக்குன்னு ஒரு கஷாயம் விக்க ஆரம்பிச்சாங்க, அதுல சில வேரு, கூடவே வெந்தயம், அப்புறம் 18 சதவீதம் போல ஆல்கஹால். மது ஒழிப்பு ஆதரிச்ச அம்மாங்களும் நல்ல மனசோட இதை ஸ்பூன்ல குடிச்சாங்க. மிஸஸ் வின்ஸ்லோ சிரப்புன்னு ஒண்ணு, பல் முளைக்கிற குழந்தைக்கு. கார்டுல தாயும் சேயும் அழகா இருப்பாங்க, பாட்டில்ல மார்ஃபின். மார்ஃபின் மூளையில வலியை அமுக்கும், குடல் அசைவைக் குறைச்சு பேதியை நிறுத்தும், அதனால குழந்தை நிஜமாவே அமைதியாகும். டோஸ் கூடுனா மூச்சும் நின்னுடும். கோகெயினும் நரம்புல சோடியம் போற வழியை அடைச்சு வலி சிக்னலை நிறுத்தும், பல்லு சொத்தை பாட்டுக்கு சொத்தையாவே இருக்கும்.

ஒண்ணுமே பண்ணாத மருந்துகூட வேலை செஞ்ச மாதிரி தெரியும், அதுதான் பெரிய சிக்கல். மனுஷன் மருந்து வாங்குறது நோவு உச்சத்துல இருக்கும்போது, உச்சத்துக்கு அப்புறம் பெரும்பாலும் தானாவே இறங்கும், பேரு மட்டும் பாட்டிலுக்குப் போயிடும். குணமானவங்க நன்றி சொல்லி கடிதம் போடுவாங்க, அது விளம்பரத்துல வரும், செத்தவன் கடிதம் போட மாட்டான். ரீப்பர் ஓடலைன்னா வயல்ல பயிர் நிக்கிறது ஊருக்கே தெரியும், இங்க எதுவும் தெரியாது. என்னைக் கேட்டா ரெண்டு கம்பெனிக்காரங்களும் பொய் சொல்றதுல ஒருத்தருக்கொருத்தர் சளைச்சவங்க இல்ல, ஒருத்தர் பொய் மட்டும் அடுத்த அறுவடையில மாட்டிக்கும்.

லிடியா பிங்கம் 1883லயே செத்துட்டாங்க, ஆனா உங்க கஷ்டத்தை மிஸஸ் பிங்கமுக்கு எழுதுங்கன்னு விளம்பரம் பாட்டுக்கு ஓடிட்டே இருந்துச்சு. 1905ல ஒரு மகளிர் பத்திரிகை அவங்க கல்லறைக் கல்லோட போட்டோவைப் போட்டு உடைச்சுது. 1906ல வந்த சட்டம் இந்த சரக்கைத் தடை பண்ணல, ஆல்கஹால், மார்ஃபின், கோகெயின் எவ்ளோ இருக்குன்னு லேபிள்ல எழுதச் சொல்லுச்சு, அவ்ளோதான்.

அதுக்குள்ள ட்ரேட் கார்டு காலமும் முடிஞ்சுடுச்சு, கலர் விளம்பரம் பத்திரிகைக்குப் போயிடுச்சு. மருந்தைப் பத்தின பெரிய பெரிய வாக்குறுதி எல்லாம் பல கார்டுல பின்பக்கம்தான் இருக்கும், பசங்க பசை தடவி நோட்டுல ஒட்டுனதும் அந்தப் பக்கம்தான். இப்போ சேர்க்கிறவங்க அதைப் படிக்க நோட்டுப் பக்கத்தோட தண்ணியில ஊறப் போட்டு உரிக்கிறாங்க, மை எண்ணெய் மை, அதனால பெரும்பாலும் கரையுறது இல்ல. மேல பளபளன்னு ஜெலட்டின் பூசின படத்துக்கு மட்டும் இந்த வேலை ஆகாது, பூச்சு உரிஞ்சு வந்துடும்.