டிவியில சொன்னாவளாம்!

மாவட்ட லீக், பள்ளிகளுக்கு இடையிலான டோர்னமென்ட் என்று பாளையங்கோட்டை, தாழையூத்துப் பக்கம் அம்பயராக நிற்கிறவன் நான். அவுட்டா இல்லையா என்று வருகிற தகராறைச் சமாளித்துவிடலாம். முந்தின நாள் ராத்திரி டிவியில் யாரோ வாய்க்கு வந்ததைச் சொல்லி, அது மறுநாள் காலை மைதானத்துக்கு வந்து சேரும் பாருங்கள், அதைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.

பதினாலு வயசுக்கு உட்பட்டோர் மேட்ச் ஒன்று. மேட் விரித்த பிட்ச். ஒரு பையன் தூக்கி அடித்தான், மிட் ஆனில் கேட்ச். பந்து மேலே இருக்கும்போதே இரண்டு பேரும் ஓடிக் குறுக்கே கடந்துவிட்டார்கள். நன்றாக ஆடிக்கொண்டிருந்த ரன்னர் பையன் (பவுலர் பக்கம் நின்றவன்) பேட் பிடிக்கிற ஸ்ட்ரைக்கர் பக்கம் போய் கார்டு கேட்கிறான். புதிதாக வந்தவன் என் பக்கத்தில் வந்து நிற்கிறான். “தம்பி, நீதான்டே ஆடணும், அங்க போ” என்றேன். பவுண்டரி ஓரத்திலிருந்து பி.இ.டி. சார் (உடற்பயிற்சி ஆசிரியர்) விசிலைக் கழுத்தில் ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார்.

“க்ராஸ் பண்ணிட்டானுவல்லா சார்? நேத்து டிவில அப்படித்தான சொன்னாவ!”

க்ராஸ் பண்ணிவிட்டால் ரன்னரே அடுத்த பந்தை ஆடலாம் என்பது பழைய சட்டம். 2022 அக்டோபர் 1 முதல், கேட்ச் ஆனால் க்ராஸ் பண்ணினாலும் பண்ணாவிட்டாலும் புதிதாக வருகிறவர்தான் அடுத்த பந்தை ஆட வேண்டும். ஓவரின் கடைசிப் பந்தில் கேட்ச் ஆனால் மட்டும், ஓவர் மாறுவதால் மற்றவர் ஆடுவார். ரன் அவுட்டில் இன்றைக்கும் க்ராஸ் பார்ப்பது உண்டு. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 2021-இல் இங்கிலாந்தின் ‘ஹன்ட்ரட்’ போட்டியில் சோதித்துப் பார்த்து, பிறகு எல்லா கிரிக்கெட்டுக்கும் கொண்டுவந்த விதி இது. இதை அன்றாடம் கிரிக்கெட்டைப் பற்றியே பேசிச் சம்பளம் வாங்குகிற ஒருவர் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா? ஆட்டம் நின்றது, ஸ்கோரர்கள் பேனாவை மூடிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கோட்டு போட்டு ஏசியில் உட்கார்ந்திருக்கிறவர் சொன்னதா, வெள்ளைத் தொப்பியோடு வெயிலில் நிற்கிறவன் சொல்வதா என்று வந்தால், பி.இ.டி. சார் யாரை நம்புவார்?

மன்கட் விஷயம் இன்னும் மோசம். பந்து போடும் முன்பே ரன்னர் கோட்டை விட்டு வெளியேறினால், பவுலர் தன் பக்கத்து ஸ்டம்பைத் தட்டி அவரை அவுட் ஆக்குவதுதான் அது. 1947-இல் சிட்னி டெஸ்டில் வினு மன்கட் பில் பிரவுனை அப்படி ரன் அவுட் செய்ததிலிருந்து இந்தச் சண்டை ஓயவில்லை. 2019-இல் நம்ம அஸ்வின் ஜெய்ப்பூரில் பட்லரை அவுட் ஆக்கியபோது மறுபடி கிளம்பியது. ‘ஒரு தடவை எச்சரித்திருக்கலாம்’ என்று வர்ணனையாளர் சொன்னால் அது அவர் அபிப்பிராயம், சொல்லிவிட்டுப் போகட்டும். ‘ரூல்படி வார்னிங் கொடுத்தே ஆகணும்’ என்று சொன்னால்தான் எனக்குக் கோபம் வருகிறது. அப்படி ஒரு விதியே கிடையாது. 2022-இல் அதை ‘முறையற்ற ஆட்டம்’ பிரிவிலிருந்து எடுத்து ரன் அவுட் பிரிவிலேயே சேர்த்துவிட்டார்கள். வார்னிங் கொடுக்காமல் ஸ்டம்பைத் தட்டிய ஒரு ஸ்பின்னர் பையனைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திருட்டுப் பயலைப் போல ஏசியதைப் பார்த்திருக்கிறேன். அவன் சட்டப்படிதான் செய்தான். அந்த விக்கெட் அவன் கணக்கில்கூடச் சேராது.

ஸ்கோரர்களைக் கேட்டால் அவர்கள் தனியாக ஒரு புலம்பல் வைத்திருக்கிறார்கள். ஓவரில் ஒரு லெக் பை (பேட்டில் படாமல் உடம்பில் பட்டு ஓடும் ரன்) போனதும், ‘மெய்டன் (பவுலர் ரன்னே கொடுக்காத ஓவர்) போச்சே’ என்று டிவியில் உச்சுக் கொட்டுவார்கள். போகவில்லை. பை (பேட்டிலும் உடம்பிலும் படாமல் ஓடும் ரன்), லெக் பை இரண்டும் பவுலர் கணக்கில் ஏறாது, மெய்டன் மெய்டன்தான். உதிரி ரன்களில் ஒயிடு, நோ பால் போட்டால்தான் கெடும். இன்னொன்று, காலில் பட்டு ஓடினால் எல்லாம் லெக் பை ஆகிவிடாது. பேட்ஸ்மேன் பந்தை ஆட முயன்றிருக்க வேண்டும், அல்லது அடிபடாமல் விலகப் பார்த்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ரன் செல்லாது, டெட் பால், அதாவது ஆட்டத்தில் இல்லாத பந்து.

சட்டத்தை விடுங்கள், ஊரையாவது ஒழுங்காகச் சொல்கிறார்களா? எங்கள் திருநெல்வேலி சங்கர் நகர் மைதானத்தில் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டங்கள் நடக்கின்றன. 2023 இறுதிப் போட்டியே இங்கேதான். ஜூன், ஜூலையில் நடக்கிற ஆட்டத்தில் பந்து கொஞ்சம் ஸ்விங் ஆனதும் ‘கடல் காற்று உதவுது’ என்றார் ஒருவர். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிருந்து தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் ஏற வேண்டும். அந்த மாசங்களில் இங்கே அடிப்பது செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று. குற்றாலத்தில் சாரல் விழுவதும் அதே காலத்தில்தான். அந்தக் காற்றில் பெய்ல்ஸ் (ஸ்டம்பு மேல் வைக்கிற சிறு கட்டைகள்) தானாக விழும், நாங்கள் கனமான பெய்ல்ஸ் எடுத்துவந்து வைப்போம். அதுவும் நிற்காவிட்டால் இரண்டு அம்பயரும் பேசி, இரு பக்கமும் பெய்ல்ஸே இல்லாமல் ஆட்டத்தை நடத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது.

வர்ணிப்பவர்களில் பலர் ஆடி ஓய்ந்தவர்கள். அவர்கள் ஆடிய காலத்துச் சட்டம் மனசில் தங்கிவிட்டது. 2000, 2017, 2022 என்று புத்தகம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அதைக்கூட ஒத்துக்கொள்ளலாம். பேப்பரில் தப்பு வந்தால் மறுநாள் ஒரு ஓரத்திலாவது ‘திருத்தம்’ போடுகிறார்கள். டிவியில் அடுத்த ஓவரில்கூடத் திருத்திச் சொல்லி நான் கேட்டதில்லை.

பி.இ.டி. சார்மாரே, 18.11 (கேட்சுக்குப் பின் யார் ஆடுவது), 23.2 (லெக் பை), 38.3 (மன்கட்) என்கிற இந்த மூன்று சட்டப் பிரிவுகளையும் பையன்கள் மேட் விரிக்கிற நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். கிரிக்கெட் சட்டங்களை வகுக்கும் லண்டன் கிளப்பான எம்.சி.சி. தன் இணையதளத்தில் சட்டம் முழுவதையும் இலவசமாகவே வைத்திருக்கிறது, செல்போனிலேயே படிக்கலாம். பள்ளிக்கூட அலமாரியில் பழைய புத்தகம் கிடந்தால் அதை நம்பி மைதானத்துக்குள் இறங்கி வந்துவிடாதீர்கள்.