தனியார்மயப்படுத்தல்: புகையிரதத்தில் எதைக் கொடுப்பது?

அரசு நடத்திவந்த தொழிலையோ சேவையையோ கம்பனிகளிடம் ஒப்படைப்பதைத் தனியார்மயப்படுத்தல் என்கிறோம். தமிழ்நாட்டில் தனியார்மயமாக்கல் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டும் புழங்குகின்றன. எதிர்ச்சொல் தேசியமயமாக்கல். 1958இல் இலங்கையின் பஸ் கம்பனிகளை அரசு எடுத்துக்கொண்டது அந்த வகை.

‘தனியார்’ நல்ல தமிழ். ‘மயம்’ வடமொழியிலிருந்து வந்தது. நிறைந்திருப்பது என்று பொருள். ஆங்கிலத்தின் ‘பிரைவேட்’டுக்கு மூலம் இலத்தீனில் ‘பிரிவாத்துஸ்’, அதாவது பொதுப் பதவி எதுவும் வகிக்காத ஆள். நமது ‘தனி’யும் ஏறத்தாழ அதே கருத்துத்தான். சிக்கல் ‘மய’த்தில் இருக்கிறது. எல்லாமே தனியார் கையில் போய்விட்டது என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகிறது.

1990களின் தொடக்கத்தில் பஸ் டிப்போக்களைத் தொழிலாளர் பங்குள்ள கம்பனிகளாக்கியபோது அரசு இந்தச் சொல்லையே தவிர்த்து ‘மக்கள்மயப்படுத்தல்’ என்றது. ஆனால் 2005இல் அரச பஸ் நிறுவனமான இலங்கைப் போக்குவரத்துச் சபையை மறுபடி அமைக்க வேண்டி வந்தது.

புகையிரதத்தில் தண்டவாளம், சமிக்ஞை, நிலையம், பெட்டி, நேரசூசி, கட்டணம் என்று பல உண்டு. சொத்தையே விற்றால் ‘தனியாருடைமையாக்கல்’ என்பதே பொருத்தமான சொல். சொத்தை அரசு வைத்துக்கொண்டு, வண்டி ஓட்டுவதை மட்டும் கேள்விப்பத்திரம் கோரிக் குறித்த காலத்துக்குக் கொடுத்தால் ‘நடத்துரிமை வழங்கல்’. பேச்சில் குத்தகை என்றாலே விளங்கும். 2011இல் கண்டிப் பாதையில் அரச வண்டிகளோடு தனியாரின் சொகுசுப் பெட்டிகளை இணைத்தார்கள். இயந்திரமும் தண்டவாளமும் திணைக்களத்துடையவை. இவை எல்லாவற்றையும் தனியார்மயப்படுத்தல் என்ற ஒரே பெயரால் அழைத்தால் நன்மை தீமை பேசவே முடியாது.

பிரித்தானியாவில் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பயணிகள் வண்டிகள் நடத்துரிமையில் போயின. தண்டவாளமோ உடைமையாகவே ரெயில்ட்ராக் கம்பனிக்குப் போனது. 2000 ஒக்ரோபரில் ஹற்பீல்ட்டில், பழுது என்று முன்பே தெரிந்திருந்த தண்டவாளம் நொறுங்கி 4 பேர் இறந்தார்கள். அடுத்த வருடமே அந்தக் கம்பனி நொடித்துப்போனது. யப்பானில் வேறு கதை. 1987இல் தேசியப் புகையிரதத்தை 6 பயணிகள் கம்பனிகளாகப் பிரித்து, தண்டவாளத்தையும் வண்டியையும் ஒரே கையில் கொடுத்தார்கள். ரோக்கியோவைச் சுற்றி ஓடும் கம்பனி செழித்தது. சனம் குறைந்த ஹொக்கைடோவில் பாதைகள் மூடப்பட்டுவருகின்றன. யாழ்ப்பாணத்தார் பார்க்கவேண்டியது ஹொக்கைடோவைத்தான்.

ஏனென்றால் 1990இல் நின்றுபோன கொழும்பு வண்டியான யாழ்தேவி 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வந்தது இலாபக் கணக்கால் அல்ல. அழிந்துபோன பாதையை இந்திய அரசின் கடனில் மீண்டும் போட்டது இந்திய அரச நிறுவனமான இர்கொன். தனியார் கம்பனி ஒன்று அந்தச் செலவுக்குத் துணிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

சரி, தனியாரால் நன்மையே இல்லையா? உண்டு. கொழும்புக்கு ஓடும் இரவு பஸ்களில் குளிரூட்டி, ஆசனப் பதிவு எல்லாம் வந்தது போட்டியால். ஆனால் ஏ9 வீதியில் பத்துப் பேர் பஸ் விடலாம், பிடிக்காவிட்டால் அடுத்ததில் ஏறலாம். நமக்கு இருப்பதோ ஒற்றைத் தண்டவாளம். அதைக் கையில் வைத்திருப்பவருக்குப் போட்டியாளர் கிடையாது. அரசின் ஏகபோகம் கம்பனியின் ஏகபோகமாக மாறும், அவ்வளவே.

ஆகவே பெட்டிப் பராமரிப்பு, ஆசனப் பதிவு, சிற்றுண்டி, சொகுசு வகுப்பு ஆகியவற்றைத் தாராளமாகக் குத்தகைக்குக் கொடுக்கலாம். தண்டவாளத்தையும் சமிக்ஞையையும் கொடுக்கக்கூடாது. வண்டி ஓட்டும் உரிமையைக் கொடுப்பதாக இருந்தால், கொடிகாமத்திலும் பளையிலும் நிற்கும் வண்டிகள், மூன்றாம் வகுப்புக் கட்டணம், பருவச்சீட்டு ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.