உழவு எழுப்பிவிடும் களை

மட்டக்களப்பு உன்னிச்சைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். காட்டோரத்தில் அரை ஏக்கரில் மானுக்கும் மயிலுக்குமென்று கூட்டாளிகளோடு சேர்ந்து கௌப்பி விதைத்தாராம். மூன்றே வாரத்தில் களைக்குள் கௌப்பியைத் தேடவேண்டி வந்தது. இரண்டு தரம் உழுது பார்த்தும் களை கூடியதே தவிரக் குறையவில்லை. மிருகம் வாய் வைக்கிற இடமென்பதால் களைநாசினி அடிக்க மனமில்லை. ஏன் இப்படி, வேறு என்ன வழி என்பதுதான் அவர் கேள்வி.

உழுததால்தான் கூடியது!

களை விதைகளில் பல கடுகைவிடச் சின்னன். உள்ளே இருக்கும் சாப்பாடு கொஞ்சம். ஒரு சாண் ஆழத்தில் முளைத்தால் மேலே வருமுன்பே செத்துப்போகும். ஆகவே, விதைக்குத் தான் கிடக்கும் ஆழம் தெரியவேண்டும். மண்ணுக்குள் வெளிச்சம் சில மில்லிமீற்றர்தான் இறங்கும். வெளிச்சம் பட்டால் மேற்பரப்பு கிட்ட என்று கணக்கு.

அந்தக் கணக்கைப் போடுவது பைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம். 660 நானோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி பட்டால் 'முளை' என்ற வடிவத்துக்கு மாறும். 730 நானோமீற்றர் அலைநீளமுள்ள தூரச்சிவப்பு, அதாவது கண்ணுக்கு அரிதாகவே தெரியும் சிவப்பு, பட்டால் திரும்பத் தூக்கம். 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் சலாது விதைகள்மேல் இரண்டையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தார்கள். எத்தனை தரம் மாற்றினாலும் கடைசியாகப் பட்ட ஒளி சொன்னதையே விதை கேட்டது. உயிருள்ள ஒரு சுவிட்ச்! எத்தனை தரம் வாசித்தாலும் எனக்கு அலுக்காத பரிசோதனை இது.

பச்சை இலை சிவப்பைக் குடித்துவிட்டுத் தூரச்சிவப்பைக் கீழே விட்டுவிடும். ஆக, இலை நிழலில் கிடக்கும் விதைக்கு மேலே ஏற்கெனவே ஆள் இருப்பது தெரியும், பேசாமல் கிடக்கும். கலப்பை புரட்டும்போதோ, ஒரு நொடிக்கும் குறைவான வெயில் போதும். மறுபடி புதைந்தாலும் சுவிட்ச் போட்டாயிற்று. 1879இல் வில்லியம் பீல் மிச்சிகனில் போத்தல்களில் புதைத்த விதைகளில் ஒரு போத்தலை 2021இல் தோண்டியபோது, வெளிச்சம் படாமலிருக்க இருட்டில்தான் தோண்டினார்கள். 141 வருடத்துக்குமேல் கிடந்த விதைகளில் சில முளைத்தன. இந்த ஆராய்ச்சிக்குப் போன செலவு சில போத்தல். எங்கள் பக்கம் இப்படி ஒன்றுக்குக் காசு கேட்டால் சிரிப்பார்கள்.

ஜெர்மனியில் இரவில் உழுதுகூடப் பார்த்தார்கள். பலன் இடத்துக்கிடம் மாறியது. உன்னிச்சையில் லேண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரத்தோடு இரவில் இறங்கினால் யானைதான் எதிரே வரும். அமாவாசையில் உழுதால் களை வராதென்று சொல்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

அதைவிட, களையை ஏமாற்றி எழுப்பலாம். ஐப்பசி மழை தொடங்கியதும் ஒரு தரம் உழுது சமப்படுத்திவிட்டு விதைக்காமல் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். முளைத்ததை, வெயிலடிக்கும் நாளாகப் பார்த்து, மண்வெட்டியால் ஓர் அங்குலத்துக்குமேல் இறங்காமல் செருக்கிவிடுங்கள். பிறகு கிளறாமல், குத்துக் குழி போட்டு நெருக்கமாகக் கௌப்பி. கோரைக்கு மட்டும் இது பலிக்காது. அது கிழங்கிலிருந்து வருவது, கிண்டித்தான் பொறுக்கவேண்டும்.

2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயன உரத்தோடு களைநாசினி இறக்குமதியையும் நிறுத்தி, நவம்பரில் தளர்த்தியது. அந்த இடைவெளியில் இந்தச் சின்ன வித்தையையாவது ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

இன்னொன்று: மான் முந்திக்கொள்ளும். இலை நிலத்தை மூடுமுன்பே மேய்ந்துவிட்டால் சிவப்பு ஒளி மறுபடி மண்ணில் விழும். முதல் ஒரு மாதம் சுற்றிவர முட்கிளை போட்டு வையுங்கள்.