பழைய பெட்ரோமாக்ஸ் வாங்குகிறீர்களா? பாலிஷுக்கு முன்னால் டேங்கைச் சோதியுங்கள்

அழுத்தக் கலன்களில் விரிசல் தேடுவதுதான் என் தொழில். பாய்லர், கம்ப்ரஸர் டேங்க், கெமிக்கல் ஆலைகளின் பெரிய உருளைகள் என்று மும்பையைச் சுற்றி வேலை ஓடுகிறது. ஆனால் செம்பூர், தாராவி, மாட்டுங்கா பக்கத்து நம் ஆட்கள் என்னிடம் கொண்டுவருவது ஒரு லிட்டர் டேங்க்தான்: பழைய பெட்ரோமாக்ஸ் லைட். ஊரில் கோயில் கொடைக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் தலையில் சுமந்து போன வெளிச்சத்தை வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ள ஆசை. நல்ல ஆசைதான். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, "பாலிஷ் போட்டுட்டீங்களா?" என்றுதான்.

போடவில்லை என்றால் எனக்கு நிம்மதி. பஃபிங் மெஷினில் கொடுத்துப் பளபளப்பாக்கும்போது பித்தளையின் மேற்பரப்பு லேசாக இழுபட்டு, முடியளவு விரிசலின் வாயை மூடிவிடும். மிச்சத்தைப் பாலிஷ் மெழுகு அடைத்துவிடும். விரிசல் உள்ளேயே இருக்கும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. ஆலைகளிலும் இதே காரணத்தால்தான் சோதனையை முடித்த பிறகு மெருகேற்றுகிறோம்.

அந்த டேங்க் வெறும் எண்ணெய்ப் பாத்திரம் இல்லை. பம்ப் அடிக்கும்போது உள்ளே ஏறத்தாழ 2 பார் அழுத்தம் ஏறுகிறது. மூடியில் இருக்கும் மீட்டரின் சிவப்புக் கோடு அதற்குத்தான். அந்த அழுத்தம் மண்ணெண்ணெயை மேலே தள்ள, சூடான குழாயில் அது ஆவியாகி, நிப்பிள் என்ற நுண்துளை வழியே சீறி வந்து, காற்றோடு கலந்து, வெளிச்சம் தரும் வலைப்பையான மேண்டிலுக்குள் எரிகிறது. 1910 வாக்கில் பெர்லினில் எஹ்ரிச் அண்ட் கிரேட்ஸ் நிறுவனத்தின் மாக்ஸ் கிரேட்ஸ் உருவாக்கிய அமைப்பு இது. பெயரில் இருக்கும் 'மாக்ஸ்' அவர்தான். நெருப்புக்கு ஒரு சாண் கீழே, அழுத்தத்தில் ஒரு லிட்டர் எரிபொருள் நிற்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பித்தளைக்கு ஒரு தனி வியாதி உண்டு. அச்சில் அழுத்தி உருவாக்கிய பித்தளைக்குள் இறுக்கம் தங்கிவிடும். அதன்மேல் ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்து பட்டால் தானாகவே வெடிப்பு விடும். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படை, மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை முடிந்து பார்த்தால் பித்தளை உறைகளில் விரிசல். குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் காரணம் என்பது 1921-இல்தான் தெளிவானது. உங்கள் விளக்கும் அச்சில் அழுத்திய பித்தளை, மும்பை மழையும் குறைவில்லை. சந்தையில் விற்கும் திரவ மெட்டல் பாலிஷ் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது. அதனால் அம்மோனியா இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். நம் வீட்டுப் புளியே போதும். தேய்த்ததும் உடனே நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள், ஊறப் போடாதீர்கள்.

சோர் பஜாரில், மட்டன் ஸ்ட்ரீட்டில் தேடிப் போகிறவர்கள் அங்கே வெள்ளிக்கிழமை கடைகள் விடுமுறை என்பதை நினைவில் கொள்ளுங்கள். கையில் ஒரு காந்தமும் டார்ச்சும் இருக்கட்டும். டேங்கில் காந்தம் ஒட்டினால் அது இரும்பு, மேலே பித்தளைப் பூச்சு. "ஒரிஜினல் ஜெர்மன்" என்று எழுத்தைக் காட்டினால் நம்பிவிட வேண்டாம், எழுத்தைப் புதிதாகவும் பொறிக்கலாம். அடிவிளிம்பு, மூடியின் கழுத்து, பம்ப் நுழையும் இடம் மூன்றையும் நெருங்கிப் பாருங்கள். யாரோ பிற்காலத்தில் ஈயப்பற்று வைத்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் எரிப்பதற்காக அதை வாங்காதீர்கள். அலமாரியில் அழகுக்கு வைக்க வாங்கலாம். என்னைக் கேட்டால், கறுத்துப் போய் அழுக்கோடு இருக்கும் விளக்குதான் நல்ல சரக்கு. அதில் எதையும் மறைத்திருக்க வாய்ப்புக் குறைவு.

வீட்டுக்கு வந்ததும் டேங்கைக் காலி செய்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிக் காய வையுங்கள். சிவப்புச் சாயத் தெளிப்பான், வெள்ளை டெவலப்பர் இரண்டும் தொழிற்கருவிக் கடைகளில் கிடைக்கும். சாயத்தைத் தெளித்துப் பத்து நிமிடம் விட்டு, துணியால் துடைத்து, வெள்ளையை மெல்லிதாக அடியுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த சாயம் சிவப்புக் கோடாக எழும்பி வரும். பழைய ரயில்வே பட்டறைகளில் இதே வேலையை எண்ணெயும் சுண்ணாம்புத் தூளும் செய்தன.

அப்புறம் அழுத்தச் சோதனை. இதைத் தண்ணீரில் மட்டுமே செய்ய வேண்டும். சைக்கிள் பம்பில் காற்று அடித்து வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அழுத்திய காற்று விசையைச் சேர்த்து வைத்திருக்கும், டேங்க் பிளந்தால் தகடு பறக்கும். தண்ணீர் சுருங்காது. விரிசல் திறந்ததும் ஒரு சொட்டுக் கசிந்து அழுத்தம் விழுந்துவிடும், அவ்வளவுதான். மேல் துளையை போல்ட் போட்டு அடைத்து, காற்று துளியும் தங்காமல் தண்ணீர் நிரப்பி, தனி மீட்டர் உள்ள கைப்பம்பால் 3 பார் வரை ஏற்றிப் பத்து நிமிடம் பாருங்கள். முள் இறங்கக் கூடாது. பிறகு வெயிலில் முழுசாக உலர்த்துங்கள். சோதனைக்கருவி இல்லாதவர்கள் வசதியுள்ள பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம். தேறாத டேங்கை யாரிடமும் வெல்டிங் வைக்கக் கொடுக்காதீர்கள். எண்ணெய் ஆவி இருந்த டேங்கில் நெருப்பைக் காட்டுவதே ஆபத்து.

மற்றதெல்லாம் சின்ன வேலை. பம்பின் தோல் வாஷர் காய்ந்திருந்தால் மெஷின் ஆயிலில் ஊற வையுங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள். பம்பின் அடியில் இருக்கும் வால்வின் ரப்பரைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். அது தேய்ந்தால் மண்ணெண்ணெய் பம்புக்குள் ஏறி வெளியே பீய்ச்சும். பழைய பேக்கிங் நூலில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், உலர்ந்த நிலையில் சுரண்டாமல் நனைத்து எடுங்கள்.

மேண்டில் பற்றியும் சொல்ல வேண்டும். மேண்டிலை உருவாக்கிய ஆஸ்திரிய வேதியியலாளர் வெல்ஸ்பாக் 1891-இல் கண்ட கலவையில் 99 பங்கு தோரியம், 1 பங்கு சீரியம். தோரியத்துக்காகத்தான் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் ஒரு காலத்தில் ஜெர்மனிக்குக் கப்பலேறியது. 1955-இல் இங்கே டிராம்பேயில் தொடங்கிய ஆலையும் மேண்டிலுக்கான தோரியம் நைட்ரேட் தயாரித்தது. தோரியம் கதிர்வீச்சுள்ளது. மேண்டிலைக் கையில் தொட்டதற்கே பயப்பட வேண்டாம், ஆனால் எரிந்து உதிர்ந்த சாம்பல் மூச்சில் போகக் கூடாது. முதல் எரிப்பை வெளியில் வைத்துச் செய்யுங்கள். உடைந்ததை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்து, கையைக் கழுவுங்கள்.

எரிபொருள் மண்ணெண்ணெய் மட்டும்தான். கிடைப்பது கஷ்டமாகிவிட்டது என்று பெட்ரோல் கலப்பவர்கள் சாவை விலைக்கு வாங்குகிறார்கள். மண்ணெண்ணெயின் ஆவி தீப்பிடிக்க 35 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், பெட்ரோல் ஆவி உறைகுளிரிலேயே பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கலந்தாலும் கணக்கு மாறிவிடும். ஏற்றுமுன் குழாயைச் சூடாக்க எரிக்கும் ஸ்பிரிட்டை, அதற்கான கிண்ணம் ஆறிய பிறகே ஊற்றுங்கள். பகல் வெளிச்சத்தில் அதன் ஜுவாலை கண்ணுக்குத் தெரியாது.

ஃபிளாட்டுக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எரிக்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. திறந்த மொட்டை மாடியில், குழந்தைகள் எட்ட நிற்க, பக்கத்தில் ஒரு வாளி மணலோடு ஏற்றுங்கள். அணைத்ததும் காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால் மண்ணெண்ணெயை முழுக்க வடித்துவிட்டு, அந்தத் திருகைத் திறந்தே விட்டு வையுங்கள்.