யூஈவென்ட்: கெர்னல் அனுப்பும் சேதி

லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினியில் பென் டிரைவைச் செருகினால், சில நொடிகளில் கோப்பு மேலாளரில் அதன் பெயர் வந்துவிடுகிறது. செருகியது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குத் தெரியும், ஏனென்றால் வன்பொருளோடு பேசுவதே அதன் வேலை. கோப்பு மேலாளர் அப்படியல்ல. அது ஒரு சாதாரண நிரல்; யூஎஸ்பி துளையில் என்ன நடக்கிறது என்று நேராகப் பார்க்க அதற்கு வழியில்லை. அப்படியானால் அதற்கு யார் சொன்னது? மூலச் சேதி கெர்னலிடமிருந்து புறப்படுகிறது. அந்தச் சேதிக்குத்தான் யூஈவென்ட் என்று பெயர்.

முன்னால் நிற்கும் 'யூ' என்பது யூசர்ஸ்பேஸ் என்பதன் சுருக்கம். கணினியின் நினைவகத்தைக் கெர்னல் இயங்கும் பகுதி, மற்ற நிரல்கள் இயங்கும் பகுதி என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். பின்னதுதான் யூசர்ஸ்பேஸ், தமிழில் பயனர்வெளி. ஆக யூஈவென்ட் என்றால் பயனர்வெளிக்குத் தெரிவிக்கப்படும் நிகழ்வு. ஈவென்ட் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு 'வெளியே வருதல்' என்று பொருள். கெர்னலுக்குள் நடந்தது வெளியே வருகிறது என்பதால் வேர்ப்பொருளும் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

இந்தப் பெயர் முதலிலேயே இருந்ததில்லை. 2001-இல் வந்த 2.4 கெர்னலில் இதை ஹாட்பிளக் என்றார்கள். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே சாதனத்தைச் செருகுவதற்கும் பிடுங்குவதற்கும் உள்ள பெயர் அது. அப்போதைய முறை எளிமையானது: ஒரு சாதனம் வந்தால், கெர்னலே ஹாட்பிளக் என்ற நிரலை ஒரு தடவை ஓட்டும். இன்னொன்று வந்தால் இன்னொரு தடவை. கணினி தொடங்கும் நேரத்தில் நூற்றுக்கணக்கான சாதனங்கள் ஒரே மூச்சில் கண்டறியப்படும்போது அத்தனை நிரல்களும் ஒன்றாகக் கிளம்பி நினைவகத்தைத் தின்றன. அதைவிடப் பெரிய சிக்கல் வரிசை. முதலில் கிளம்பிய நிரல் முதலில் முடியும் என்று எந்த உறுதியும் இல்லை. 'சாதனம் போய்விட்டது' என்ற சேதி, 'சாதனம் வந்தது' என்பதற்கு முன்னால் போய்ச் சேரலாம். அதற்காகத்தான் ஒவ்வொரு சேதிக்கும் ஒரு வரிசை எண் கொடுத்தார்கள். அந்த எண் இன்றும் யூஈவென்ட்டில் இருக்கிறது.

2004 டிசம்பரில் வெளியான 2.6.10 கெர்னலில் வழி மாறியது. ராபர்ட் லவ், கே சீவர்ஸ் முதலியோர் எழுதிய புதிய பகுதி, சேதியை நெட்லிங்க் என்னும் சாக்கெட் வழியாக, அதாவது கெர்னலும் நிரல்களும் பேசிக்கொள்ளும் ஒரு தொடர்புவழியாக, அனுப்பத் தொடங்கியது. ஊரில் தண்டோரா போடுவது போலத்தான் இதுவும். கெர்னல் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. ஒரு தடவை அறிவிக்கும், காது கொடுத்தவர் எல்லாருக்கும் கேட்கும், பதிலுக்குக் காத்திருக்காது.

அப்புறம்தான் பெயர் மாற்றம். 2006-இல் வந்த 2.6.16 பதிப்பில், கெர்னலின் சாதன மேலாண்மைப் பகுதியிலிருந்த ஹாட்பிளக் என்ற பெயர்களை எடுத்துவிட்டு யூஈவென்ட் என்று மாற்றினார்கள். அதற்குச் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்தது: இந்தப் பகுதி எதையும் 'செருகுவதில்லை', நிலைமையை வெளியே சொல்வது மட்டுமே அதன் வேலை, எனவே ஹாட்பிளக் என்ற சொல்லை உண்மையில் செருகப்படும் சாதனங்களைக் கையாளும் பகுதிகளுக்கே விட்டுவிடலாம். சரியான முடிவு. மடிக்கணினியில் சார்ஜர் வயரைப் பிடுங்கினாலும் யூஈவென்ட் வரும், சிடி தட்டில் வட்டை மாற்றினாலும் வரும். இரண்டிலும் புதிய சாதனம் எதுவும் சேரவில்லை, இருக்கிற சாதனத்தின் நிலைதான் மாறியது.

சேதிக்குள் இருப்பது வெறும் எழுத்துகள்தான். என்ன நடந்தது, சாதனங்களைக் கோப்பகங்களாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் மரத்தில் இந்தச் சாதனம் எந்தப் பாதையில் இருக்கிறது, எந்த வகையைச் சேர்ந்தது, வரிசை எண் என்ன: இவ்வளவும் பெயரும் மதிப்புமாக அடுத்தடுத்து வரும். நடந்ததைச் சொல்ல ஆட் (சேர்ந்தது), ரிமூவ் (நீங்கியது), சேஞ்ச் (மாறியது), மூவ் (இடம் மாறியது), ஆன்லைன், ஆஃப்லைன் என்ற சொற்கள் இருந்தன. சாதனத்தோடு அதன் இயக்கி நிரல் இணைவதையும் பிரிவதையும் சொல்லும் பைண்ட், அன்பைண்ட் இரண்டும் 2017-இல் சேர்ந்தன. ஒரே ஒரு பென் டிரைவைச் செருகினால் ஒரு சேதியோடு முடியாது. யூஎஸ்பி சாதனம், அதன் இடைமுகம், சேமிப்புச் சாதனங்களைக் கையாளும் ஸ்கஸி அடுக்கு, வட்டு, வட்டின் பிரிவு என்று வரிசையாக வரும்.

இவற்றைக் கேட்டுக்கொண்டிருப்பவற்றில் முக்கியமானது யூடெவ். 2003-இல் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் தொடங்கிய இந்த நிரல் பின்னர், லினக்ஸில் சேவைகளைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு இணைந்தது. சேதியைப் படித்து, தன் விதிகளோடு ஒப்பிட்டு, சாதனத்தை நிரல்கள் அணுக உதவும் சாதனக் கோப்புக்கு உரிமைகளும் துணைப்பெயர்களும் தந்து, அதே சேதியைக் கூடுதல் விவரங்களோடு மற்ற நிரல்களுக்கு மறுபடி அறிவிக்கிறது. டெஸ்க்டாப் நிரல்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது அறிவிப்பைத்தான் கேட்கின்றன. ஆண்ட்ராய்டில் யூடெவ் இல்லை. அங்கே சாதனக் கோப்புகளை உருவாக்கும் நிரலின் பெயரே யூஈவென்ட்டி.

சேதி வந்தால் போதாது, யாரிடமிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். 2009-இல் யூடெவில் ஒரு பெரிய ஓட்டை தெரியவந்தது. வந்த சேதி கெர்னலிடமிருந்துதானா என்று அது சரிபார்க்காமல் இருந்தது. சாதாரணப் பயனர் ஒருவர் போலிச் சேதி அனுப்பி, கணினியை முழுதாக ஆளும் ரூட் அதிகாரத்தையே கைப்பற்ற முடிந்தது. அனுப்புநரைச் சோதிக்கும்படி மாற்றி அதை அடைத்தார்கள்.

இனி தமிழ்ச் சொல். 'பயனர் நிகழ்வு' என்று பெயர்த்தால் தவறாகிவிடும். படிப்பவர், பயனர் செய்த ஏதோ ஒரு சொடுக்கு என்று நினைப்பார், பொருள் தலைகீழாகிறது. 'பயனர்வெளி நிகழ்வு' என்பதும் சரியில்லை. நிகழ்ந்தது கெர்னலில், பயனர்வெளியில் அல்ல. அங்கே போய்ச் சேர்வது அறிவிப்புதான். கெர்னலைத் தமிழில் கருனி என்று எழுதும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே 'கருனி அறிவிப்பு' என்பதே என் தேர்வு. அனுப்புவது யார், அனுப்பப்படுவது என்ன என்ற இரண்டும் அதில் தெளிவாக இருக்கின்றன. கருனி மற்ற வகைச் சேதிகளும் அனுப்பும் என்பதால், குழப்பம் வரும் இடத்தில் 'கருனியின் சாதன அறிவிப்பு' என்று விரிக்கலாம். வகை பிரிக்கும்போதும் எளிது: சேர்ப்பு அறிவிப்பு, நீக்க அறிவிப்பு, மாற்ற அறிவிப்பு. நிரல் எழுதும் இடத்தில் மட்டும் யூஈவென்ட் என்றே இருக்கட்டும். அங்கே அது கோப்பின் பெயராகவும் செயற்கூற்றின் பெயராகவும் இருப்பதால், மாற்றினால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.