போக வண்டி இருக்கிறது, திரும்பி வர?

குன்னூரில் ஒரு மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். சாயங்காலம் ஓபி முடிந்து கதவைச் சாத்தும் நேரத்தில் வராந்தா பெஞ்சில் யாராவது ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருப்பார். போன மழைக்காலத்தில் அப்படி இருந்தவர் 70 வயதைத் தாண்டிய ஓர் அம்மா. சர்க்கரை நோய் விழித்திரையைப் பாதித்திருக்கிறதா என்று பார்க்கக் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். "பஸ் போர்டு தெரியலைம்மா, யாரையாவது கேட்டு ஏறிக்கிறேன்" என்றார். அந்த மருந்தால் வரும் மங்கல் தெளிய நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். அவர் இறங்கும் இடத்திலிருந்து லைன் வீட்டுக்கு, அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, தேயிலைக்கு நடுவே பாசி பிடித்த படிகளில் இறங்க வேண்டும். மூடுபனி வேறு, பொழுது சாய்ந்தால் காட்டெருமை நிற்கும் பாதை அது.

திருப்பூரில் வேலை செய்யும் மகன் காலையில் போனில் கேட்டிருக்கிறார், "எப்படிம்மா போற?" என்று. "எஸ்டேட் பஸ் இருக்கு" என்று இவர் சொல்லியிருக்கிறார். எப்படித் திரும்பி வருவாய் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. தெரிந்த ஆட்டோக்காரரை வரவழைத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணை டார்ச்சோடு படி முனையில் நிற்கச் சொல்லி அனுப்பி வைத்தேன்.

என் அனுபவத்தில் பெரும்பாலான குடும்பங்கள் போவதற்கு மட்டும்தான் யோசிக்கின்றன. காலையில் கிளம்பும்போது பெரியவர் தெம்பாக இருப்பார். திரும்பும்போதுதான் உடம்பு வேறு நிலையில் இருக்கும். டயாலிசிஸில் நான்கு மணி நேரம் படுத்து எழுந்தவருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். அவரைக் கூட்டமான பஸ்ஸில் நிற்க வைக்க முடியாது. எண்டோஸ்கோப்பிக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தால் கூட ஆள் இல்லாமல் அனுப்பவே கூடாது. கண்புரை அறுவை முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு வருபவருக்குப் படியின் ஆழம் சரியாகத் தெரியாது.

மலையில் வசிப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விழித்திரை அறுவைக்குக் கோவைக்குப் போகிறவர்களில் சிலருக்குக் கண்ணுக்குள் வாயு நிரப்புவார்கள். கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் உயரம், குன்னூர் 1,850, உதகை 2,240. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், கண்ணுக்குள் இருக்கும் வாயு விரியும், கண் அழுத்தம் ஏறும். கடும் வலியோடு பார்வையே போய்விடக்கூடும். எந்த வாயு என்பதைப் பொறுத்து அது கரைய இரண்டு மூன்று வாரமும் ஆகலாம், எட்டு வாரமும் ஆகலாம். டாக்டர் சரி என்று சொல்லும்வரை மேட்டுப்பாளையத்திலோ காரமடையிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கியே ஆக வேண்டும். அதனால் அறுவைக்குத் தேதி குறிக்கும்போதே "எங்கள் வீடு மலையில் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். சிலருக்கு வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் வைப்பார்கள், அதற்கு இந்தச் சிக்கல் கிடையாது. எது பொருந்தும் என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் வீடு எங்கே என்று தெரிந்தால்தானே அவரும் யோசிப்பார்?

வண்டி பேசும்போது போக, காத்திருக்க, திரும்ப என்று மூன்றுக்கும் சேர்த்துப் பேசுங்கள். ஸ்டாண்டில் முகம் தெரிந்த டிரைவராக இருந்தால் நல்லது. கையைப் பிடித்து இறக்கிவிடுவார். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருபவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள். வாந்தி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். வயதானவர்களுக்குச் சில மாத்திரைகள் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கும். வழியில் அவசரம் வந்துவிடுமே என்று நீர் மாத்திரையைத் தானாகவே விட்டுவிடும் தாத்தாக்களை அடிக்கடி பார்க்கிறேன். இதய நோயாளிக்கு அது ஆபத்து. பயண நாளில் எந்த நேரத்தில் போடலாம் என்று முன்கூட்டியே டாக்டரைக் கேட்டால் வழி சொல்வார். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டிய நாளில் சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் பற்றியும் அப்படியே கேளுங்கள். கையில் சாப்பாடு இருக்கட்டும்.

கோடைச் சுற்றுலா சீசனில் கிளம்பும் நேரத்தையே மாற்ற வேண்டும். அந்த மாதங்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்குவது வழக்கம். பெற்றோரைக் கூட்டிப்போகச் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ சொந்த வண்டியில் வரும் பிள்ளைகள், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இருக்கும் இ-பாஸ் (நீலகிரிக்குள் வண்டி வர ஆன்லைனில் எடுக்கும் அனுமதி) நடைமுறையை மறந்துவிடுகிறார்கள். நீலகிரிப் பதிவு எண்ணான டிஎன் 43 வண்டிக்கு அது தேவையில்லை என்பதால் அப்பா அம்மாவுக்கும் நினைவு வருவதில்லை.

108 அவசரத்துக்கான வண்டி. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, பக்கவாதம் என்றால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் கூப்பிடுங்கள். மாதாந்திரப் பரிசோதனைக்கு அது வராது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளுக்காக மட்டும் மாதாமாதம் மலை இறங்கி ஏறுபவர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். மாத்திரை வீட்டுக்கே வரும், ஒரு பயணம் மிச்சம்.

அப்புறம், பெரியவர்களிடம் "வண்டி வேணுமா?" என்று கேட்காதீர்கள். "எதுக்கு உங்களுக்குச் சிரமம், நானே வந்துடுவேன்" என்றுதான் பதில் வரும். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்ற அந்த மனசு எனக்குப் புரிகிறது. அதனால் நான் கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். "எத்தனை மணிக்கு வண்டி வாசலில் நிக்கட்டும்?" என்று கேட்டால் நேரத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

இப்போதெல்லாம் அடுத்த தேதி எழுதும்போதே சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு வரி சேர்த்து எழுதுகிறேன்: திரும்ப யார் கூட்டிப்போவார், அவருடைய போன் நம்பர். அந்த அம்மா அடுத்த முறை கண் பரிசோதனைக்கு வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அழைத்து வந்திருந்தார். அந்தப் பெண்ணின் மாமியாருக்கும் அதே நாளில் தேதி வாங்கியிருந்தார்கள். மூன்று பேரும் ஒரே ஆட்டோவில், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிப் போனார்கள்.